இத்தாலிப் பெரியவரிடம் சொன்ன காதல்

பாட்டுக் கேட்டே ஒரு பாஷையைப் பிடித்துவிடலாம் என்று நம்பிய முட்டாள் நான். ஆந்திர எல்லையோர ஆரம்பாக்கத்துக்காரனான எனக்குத் தெலுங்கு அப்படித்தான் வந்தது. (பக்கத்து வீட்டில் எல்லோரும் தெலுங்கு பேசியதை வசதியாக மறந்துவிட்டேன்.)

அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். கம்பெனிக்கு இத்தாலியிலிருந்து ஒரு மெஷின் வந்தது. அதை ஓட்டிக் காட்ட வரும் பெரியவருக்கு இத்தாலியனைத் தவிர வேறு பாஷை தெரியாதாம். எங்கள் கம்பெனிக்குள் செல்போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"அந்தாளுகிட்ட பேசத் தெரிஞ்சவன் எவனாச்சும் கீறானா? மெஷினு ஓடிச்சின்னா அவனுக்குப் பர்மனென்ட்டு" என்றார் மேனேஜர்.

கையைத் தூக்கிவிட்டேன். தூக்காமல் என்ன செய்வது? பர்மனென்ட் ஆனால்தான் கோமதியைத் தருவேன் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

அவர் வருவதற்குள் ஒரு மாதம், போக வர, கம்பெனி பஸ்ஸில் காதில் இத்தாலியப் பாட்டு. வார்த்தைகளைத் தமிழில் எழுதி, அர்த்தம் பார்த்து நெட்டுருப் போட்டேன். அமோரே என்றால் காதல், குவோரே என்றால் இதயம், லூனா என்றால் நிலா. எண்பது வார்த்தை தேறியது. ஸ்பேனரைப் பற்றி யாரும் பாட்டு எழுதுவதில்லை என்பது ஏனோ உறைக்கவில்லை.

டிரையல் அன்று மெஷினுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தோம். அன்றுதான் வந்திறங்கிய பெரியவர் என்னைப் பார்த்துக் கடகடவென்று ஏதோ சொன்னார். என் எண்பதில் ஒன்றுகூட அதில் இல்லை. தலையாட்டி வைத்தேன். (பின்னாலிருக்கும் ஆயில் குழாயை இறுக்கச் சொன்னாராம்.)

அவர் பட்டனை நோக்கி விரலை நீட்டும்போதுதான் குழாயில் ஆயில் கசிவதைப் பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். இத்தாலியன் தெரிந்தவன் ஆயிற்றே, கௌரவம் விடவில்லை. அவர் தோளைப் பிடித்து, "நோன் லாஷார்மி, அமோரே" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

திடுக்கிட்ட பெரியவரின் விரல் பட்டனை அழுத்திவிட்டது. மேனேஜரின் வெள்ளைச் சட்டை முழுக்க ஆயில்.

கேட்டிலிருந்து பெரியவரின் போனைக் கொண்டுவந்தார்கள். அதில் அவர் பேச, அது மொழிபெயர்த்துச் சுத்தத் தமிழில் கேட்டது: "என்னை விட்டுப் பிரியாதே, அன்பே என்று இந்த இளைஞர் ஏன் கெஞ்சுகிறார்?"

மொத்த ஷிப்டும் விழுந்து விழுந்து சிரித்தது. கேட்டைத் தாண்டி உள்ளே வரப் பர்மனென்ட் பாஸ் அந்தப் போனுக்குத்தான் கிடைத்தது.

சேதி கேட்ட கோமதி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்காவ பொய் சொல்லிக்கினு போய் நின்னியா? உடு, எங்க நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பேசினாள். மறு வருஷம் கல்யாணம். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லி, என் பக்கம் திரும்பி முடிப்பாள்: "அந்தக் கெழவனுக்குச் சொன்னியே, எனக்கு ஒரு நாளாச்சும் சொன்னியா?"

எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். எண்பது வார்த்தையும் இன்னும் மனப்பாடம். அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றுகூட வாயில் வருவதில்லை.