வீட்டைச் சுற்றிப் போன கோடு

சிவப்புக் கோடு நேராக அவருடைய வீட்டின் நடுவே போனது.

வரைபடக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கோடு அசையவில்லை. திரையில் வீட்டைப் பெரிதாக்கினார். கூடமும் சமையலறையும் கோட்டுக்கு வெளியே. கொல்லைப்புறம் முழுக்க உள்ளே.

"என்ன சார், பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்று பக்கத்து மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தாள் சர்வேயர்.

"பேய் எவ்வளவோ மேல். இது என் வீடு."

நகராட்சியின் வரைபடப் பிரிவில் அவருக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். ஊரில் ஒன்பது இடங்களில் கம்பத்தில் தொங்கும் கருவிகள் காற்றிலுள்ள புகையை அளந்து எண்களாக அனுப்பும். அந்த எண்களையும், காற்று வீசும் திசையையும், தெருக்களும் வீடுகளும் இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கொடுத்தால், எந்தப் பகுதியில் புகை அளவுக்கு மீறுகிறது என்று கணினி ஒரு கோடு போட்டுக் காட்டும். அதற்குள் இருப்பதுதான் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம். அங்கே விறகு, கரி, சருகு எதையும் எரிக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை பொதுமக்கள் கூட்டத்தில் வரைபடத்தை வைத்து, ஆட்சேபணை கேட்டு, அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே சட்டம்.

சட்டத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் கொல்லைப்புறத்தில் இருந்தது. அங்கே அப்பாவின் வெந்நீர் அடுப்பு இருந்தது.

அப்பா முப்பத்திரண்டு வருடம் தீயணைப்புத் துறையில் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே கொல்லையில் செங்கல் அடுக்கி ஒரு விறகு அடுப்பு கட்டினார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு அண்டா வெந்நீர் போடுவார். வீட்டில் மின்சார ஹீட்டர் இருந்தது. அதை யாரும் தொட்டதில்லை, அப்பா தொடவிட்டதும் இல்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் வரைபடக்காரர் விஷயத்தை உளறிவிட்டார். அதுதான் முதல் தப்பு.

"அடுப்பை அணைக்கணுமா?" அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "டேய், ஊர்ல இருக்கிற நெருப்பையெல்லாம் முப்பத்திரண்டு வருஷம் அணைச்சவன்டா நான். எனக்குன்னு ஒரே ஒரு நெருப்பு. அதையும் அணைக்கச் சொல்றியா?"

"நான் சொல்லலப்பா. கோடு சொல்லுது."

"கோடு போடறது யாரு?"

"கம்ப்யூட்டர்."

"அதை ஓட்டுறது யாரு?"

வரைபடக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் காப்பாற்றுவாள் என்று நினைத்தார்.

"ஏங்க, ஒரு இன்ச் தள்ளிப் போட்டாத்தான் என்ன?" என்றாள் அவள்.

"அந்த ஒரு இன்ச், தரையில இருநூறு மீட்டர்!"

"அப்ப அரை இன்ச் தள்ளுங்க."

அம்மா மட்டும் வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. தட்டை எடுத்துவந்து வைத்துவிட்டு, "இப்ப நம்ம வீடு உள்ளயா, வெளியயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாதி உள்ள, பாதி வெளியம்மா. நீ கவலைப்படாதே, பார்த்துக்கறேன்."

அம்மா சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பாவம், அப்பாவின் அடுப்பு போய்விடுமோ என்று உள்ளுக்குள் தவிக்கிறார் என்று மகனுக்கு மனசு இளகியது.

செவ்வாய்க்கிழமை அவர் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் வழி இருந்தது. கோடு ஒரு கட்டடத்தை வெட்டிக்கொண்டு போனால், அதை அருகிலுள்ள தெருவுக்கு நகர்த்த வேண்டும். வீட்டுக்கு முன்னால் தெரு, பின்னால் சந்து. முன் தெருவுக்கு நகர்த்தினால் வீடு முழுக்க உள்ளே. பின் சந்துக்கு நகர்த்தினால் வீடு முழுக்க வெளியே.

அளந்தார். முன் தெரு பதினேழு மீட்டர், பின் சந்து பத்தொன்பது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். இந்தத் தடவை வாசற்படியிலிருந்து தொடங்காமல், கொல்லையில் துணி காயப்போடும் கம்பத்திலிருந்து தொடங்கினார். பின் சந்து ஏழு மீட்டர்தான் வந்தது.

"துணிக் கம்பம் கட்டடமா சார்?" என்று கேட்டாள் சர்வேயர்.

"அஸ்திவாரம் போட்டு நட்டிருக்கோம்மா."

கோடு பின் சந்துக்குப் போனது. மாலையில் அப்பா மகனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வாக்கிங் போனார். வாக்கிங் முடிந்து அவர் வருவதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

புதன்கிழமை காலை அதிகாரி அழைத்தார். அவர் குரலை உயர்த்தமாட்டார். அதனாலேயே அலுவலகத்தில் எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"சலவைக்கடை எங்க?"

"தெருக்கோடியில மேடம். எங்க வரிசையிலதான்."

"அது எனக்குத் தெரியும். மண்டலத்துல எங்கன்னு கேக்கறேன். நாள் பூரா கரி போட்டு அண்டா கொதிக்கிற கடை. திங்கட்கிழமை உள்ள இருந்துச்சு. இன்னிக்கு வெளிய இருக்கு. கடை நடந்து போச்சா?"

கோட்டைப் பின் சந்துக்கு நகர்த்தியதில் அந்த வரிசையே வெளியே போய்விட்டிருந்தது. வரைபடக்காரர் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "திருத்திடறேன் மேடம்."

கோட்டை முன் தெருவுக்குக் கொண்டுவந்தால் சலவைக்கடையோடு அப்பாவும் உள்ளே வந்துவிடுவார். ஆகவே மண்டலத்திலிருந்து ஒரு நீளமான வாலை மட்டும் இழுத்து, தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சலவைக்கடையைத் தொட வைத்தார்.

அதிகாரி அந்தப் படத்தை நேராக வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார்.

"இது மண்டலமா, கரண்டியா?"

"காத்து அப்படி வளைஞ்சு வீசுது மேடம்."

கரண்டியின் காம்பு சரியாக ரொட்டிக்கடையின் மேல் ஏறியிருந்தது. மூன்று மணிக்கு ரொட்டிக்கடைக்காரர் முழங்கை வரை மாவோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"உங்க வீட்டுக்கு மட்டும் கோடு ஒதுங்கிப் போகுதாம். என் கடை மேல ஏறுதாம். இது என்ன நியாயம் சார்?"

"யார் சொன்னாங்க?"

"உங்கப்பாதான். மத்தியானம் நீங்க போன்ல சொன்னீங்களாம், சந்தோஷமாச் சொல்லிட்டுப் போனாரு."

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. வரைபடக்காரருக்குக் காது வரை சூடேறியது. அவமானத்தில் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்துவிட்டது: "எங்க வீட்டுக் காத்து சுத்தமான காத்துங்க. அதனாலதான் வெளிய இருக்கு. வேணும்னா அளந்து காட்டறேன்!"

"காட்டுங்க," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"காட்டுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதிகாரி நின்றிருந்தார்.

ஆக, புதன் மாலை வரைபடக்காரர் கையடக்க அளவுக் கருவி ஒன்றைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பார்ப்பதற்கு டிபன் டப்பா மாதிரி இருக்கும். காற்றை முகர்ந்து, நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணை அலுவலகத்துக்குத் தானாகவே அனுப்பிவிடும்.

"அப்பா, நாளைக்குக் காலையில ஒரே ஒரு நாள் அடுப்பு வேண்டாம். எட்டு மணி வரைக்கும் பொறுத்துக்குங்க."

"ஒரு நாள்தானே? பொறுத்துக்கிட்டாப் போச்சு," என்றார் அப்பா.

அம்மா அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது புகை இருந்தாக் காட்டிக் குடுத்துருமா?"

"துளி இருந்தாலும் காட்டிடும்மா. ஆனா இருக்காது. நீ நிம்மதியாத் தூங்கு."

வியாழக்கிழமை விடிந்ததும் கருவியைத் துணிக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளிக்கப் போனார். உடம்பு வெடவெடத்தது. இரண்டாவது சொம்பு ஊற்றும்போது மூக்கில் ஏதோ உறைத்தது. துண்டோடு ஓடிவந்தார்.

கொல்லையைக் காணவில்லை. வெள்ளையாக ஒரு மேகம் மட்டும் இருந்தது. மேகத்துக்குள்ளிருந்து அப்பாவின் இருமல் கேட்டது.

"என்னப்பா பண்ணீங்க?"

"கருவி வந்திருக்குன்னு நல்ல கட்டையா எடுத்து வெச்சேண்டா! புகையே வராத கட்டை!"

"அடுப்பே வேண்டாம்னு சொன்னேனே!"

"அடுப்பு இல்லாம சுத்தமா இருக்கிறது என்ன பெருமை? அடுப்பு எரிஞ்சும் சுத்தமா இருக்குன்னு காட்டினாத்தானே நமக்குப் பெருமை!"

கட்டை பனியில் நனைந்திருந்தது. புகை கிளம்பியதும் அப்பாவுக்கு முப்பத்திரண்டு வருடப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. யோசிக்காமல் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினார். அதன்பிறகு எழுந்ததுதான் அந்த மேகம். கருவி அதற்குள் தொங்கிக்கொண்டு, கடமை தவறாமல் நிமிடத்துக்கு ஒரு எண் அனுப்பிக்கொண்டிருந்தது.

வரைபடக்காரர் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் சுவரிலிருந்த பெரிய திரைக்கு முன்னால் கூடியிருந்தார்கள். திரையில் இதுவரை யாரும் பார்த்திராத கருநீலப் புள்ளி ஒன்று இருந்தது.

"சார், புது ரெக்கார்டு," என்றாள் சர்வேயர். "சலவைக்கடையை விட ஏழு மடங்கு. யார் வீடுன்னு பார்க்கட்டுமா?"

"வேண்டாம்," என்றார் வரைபடக்காரர்.

கணினி சும்மா இருக்கவில்லை. புதிய எண்ணைச் சேர்த்துக்கொண்டு கோட்டைத் தானே திருப்பிப் போட்டுவிட்டது. கரண்டி காணாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக அவர் வீட்டை நடுவில் வைத்து மூன்று தெருக்களை விழுங்கிய பெரிய வட்டம். பத்து மணிக்குத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. தையற்கடைக்காரர் கரிப் பெட்டியில் இஸ்திரி போடுவதை விட முடியாது என்றார். டீக்கடைக்காரர் பேசவே இல்லை, திட்டினார். கடைசியாக அப்பா கூப்பிட்டார்.

"நாமதான் ஊர்லயே முதலிடமாமே? சலவைக்கடையை விடவா?"

"ஏழு மடங்குப்பா."

"அடேயப்பா!" என்ற குரலில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை.

மத்தியானம் சாப்பிடாமல் விதிப் புத்தகத்தை மறுபடி புரட்டினார். அறுபத்திரண்டாம் பக்கம் கைகொடுத்தது. அடுப்பு, புகைபோக்கி எதற்கும் பத்து மீட்டருக்குள் வைத்து எடுத்த அளவு செல்லாது. துணிக் கம்பத்துக்கும் அடுப்புக்கும் இடையே மூன்று மீட்டர் கூட இல்லை.

அதிகாரி அந்தப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"கருவியை வெச்சது நீங்க. விதியை மீறினது நீங்க. அதைக் கண்டுபிடிச்சுச் சொல்றதும் நீங்க."

"ஆமா மேடம்."

"விளக்கக் கடிதம் எழுதிக் குடுங்க. எண்ணை எடுத்துடலாம்."

எண் நீங்கியது. வட்டம் சுருங்கியது. மறுநாளே கூட்டம் என்பதால் மறுபடி அளக்க நேரமில்லை; பழைய கரண்டியே திரும்பி வந்தது. ரொட்டிக்கடைக்காரரை மட்டும் எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே சர்வேயரையும் அழைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார். உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்பு மின்சார அடுப்பு.

"கரண்ட் அடுப்புக்குத் தடையே கிடையாதுங்க! அப்புறம் எதுக்கு அவ்வளவு சண்டை போட்டீங்க?"

"என் கடை மேல கோடு போகுதுன்னா கேக்க மாட்டேனா சார்?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். ஆளுக்கு ஒரு பன்னும் கொடுத்தார்.

அன்று மாலை தட்டு வைக்கும்போது அம்மா வழக்கம்போலக் கேட்டார்: "இப்ப எங்க இருக்கு?"

"முழுக்க வெளியம்மா. நாளைக்குக் கையெழுத்தாயிட்டா அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு யாரும் தொட முடியாது."

அம்மா குழம்புக் கரண்டியைத் தட்டின் மேலேயே பிடித்தபடி நின்றார். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டம்?" என்றார். ஆனந்தத்தில் குழம்பு ஊற்றவே மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் மகன்.

"பதினோரு மணிக்கும்மா."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நகராட்சிக் கூடம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் அப்பா, தேய்த்த சட்டையில், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் கரண்டி தெரிந்ததும் கூட்டம் சிரித்தது. காம்பு ஏன் அப்படி வளைகிறது என்று யாரோ கேட்டார்கள். வரைபடக்காரர் காற்றின் திசை, தெருவின் அகலம், துணிக் கம்பம் என்று கால் மணி நேரம் விளக்கினார். யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஆகவே யாரும் மறுத்துப் பேசவில்லை. சலவைக்கடைக்காரர்கூட, எப்படியும் இந்த வருடம் மின்சாரத்துக்கு மாறத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "வேற யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

வரைபடக்காரர் நான்கு நாளில் முதல் தடவையாக மூச்சை முழுதாக விட்டார். அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அம்மா.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து அவர் அவசரமாக அங்கே போனார். "அம்மா, நம்ம வீடு வெளியதான் இருக்கு. எல்லாம் முடிஞ்சுபோச்சு. கையை இறக்கு."

அம்மா கையை இறக்கவில்லை. அவரை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்று, அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்:

"மேடம், அடுப்புப் புகை தாங்கலைன்னு வீட்டுல சொன்னா அவர் காதுல ஏறலைன்னுதான் பதினோரு வருஷமா உங்க ஆபீசுக்கு மனு மேல மனு போட்டு இந்த மண்டலத்தையே வரவழைச்சேன், நான் பெத்த பிள்ளை என்னடான்னா ஊரையெல்லாம் உள்ள போட்டுட்டு என் வீட்டை மட்டும் வெளிய விட்டிருக்கான், முதல்ல அதைத் திருத்தச் சொல்லுங்க!"