மண்ணு டாக்டர் ஆன கதை

எங்கள் கடற்கரையில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து என்ன படிக்கப் போகிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரியவரும். என் விஷயத்தில் மைக் வைத்தே சொன்னார்கள்.

மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வந்தவள், ரொம்ப ஈஸி என்று அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். (அந்த வயதில் எனக்குத் தன்னம்பிக்கை அதிகம், உயிரியல்தான் கம்மி.) அம்மா அதை நம்பி, மாதா கோயிலில் ஞாயிறு நன்றிப் பூசைக்கே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை மதிப்பெண் வந்தது. அதற்கு மருத்துவக் கல்லூரியில் நோயாளியாகத்தான் சேர முடியும். அழுது முடித்த அம்மா, இன்னொரு வருடம் கோச்சிங் என்று தீர்ப்புச் சொன்னாள்.

எனக்கோ வேறு ஆசை. சாத்தான்குளம் பக்கம் தேரி மணல் அப்படிச் சிவந்து கிடக்க, நம் கடற்கரை மணல் ஏன் வெளுத்திருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள ஜியாலஜி படிக்க வேண்டும் என்று பள்ளியில் ஆசிரியை சொல்லியிருந்தார். வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்தக் களேபரத்தில் பூசையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் ஞாபகம் இல்லை. மறுநாள், "மருத்துவம் படிக்கச் செல்லும் மகள் ஜெனிபருக்காக" என்று சாமியார் மைக்கில் வாசித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தால், விசைப்படகு வைத்திருக்கும் லூர்து மாமா, தெருவின் முதல் டாக்டர் நாடி பார்க்கட்டும் என்று கையை நீட்டினார். நானும் பிடித்தேன், புத்தி கெட்டு. எவ்வளவு தடவியும் நாடி கிடைக்கவில்லை. (மனிதர் பேசிக்கொண்டேதான் இருந்தார்.) கூட்டம் கூடிவிட்டது. கையை விட்டேன்.

"எனக்கு சீட்டு கெடைக்கல மாமா. கோச்சிங்கும் போகல. நான் ஜியாலஜி படிக்கப் போறேன்."

"அது ஒடம்புல எந்தப் பக்கத்துக்கு உள்ள டாக்டரு?" மாமா உண்மையாகவே கேட்டார்.

"மண்ணுக்கு," என்றேன். அழுதுகொண்டே தேரி மணலைப் பற்றி ஏதேதோ பேசினேன். நாலு பேர் சிரித்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"எதுக்குச் சிரிக்கிய? எம் பிள்ளைக்கு என்ன படிக்கணும்னு தெரியுது. அடுத்த வாரப் பூசைக்குச் சரியா எழுதிக் குடுக்கேன்."

கொடுத்தாள். மறு ஞாயிறு சாமியார் ஜியாலஜி என்று வாசித்தபோது எனக்கு வந்த பெருமை, பட்டம் வாங்கியபோதுகூட வரவில்லை.

இன்று துறைமுகத்தில் கப்பல் வரும் பாதையை ஆழப்படுத்துவதற்கு முன் கடலடி மண்ணைச் சோதித்துச் சொல்வது என் வேலை. சொந்தக்காரர்கள் யார் கிணற்றுக்குப் போர் போட்டாலும், மண்ணு டாக்டரைக் கூப்பிடு என்பார்கள். இந்த வருடம் லூர்து மாமாவின் இளைய மகள் பிளஸ் டூ முடித்தாள். அவளும் ஜியாலஜிதான் படிக்கப் போகிறாள் என்று சொல்ல மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா காபியை நீட்டினாள்.

"மொதல்ல சீட்டு கெடைக்கட்டும் அண்ணாச்சி. பொறவு பூசைக்குக் குடுக்கலாம்."