அக்னி நட்சத்திரத்தில் அடுக்கிய விறகு

விந்திய மலைக்குத் தெற்கே, அக்னி நட்சத்திர வெயிலில் நின்றுகொண்டு அடுத்த குளிர்காலத்துக்கு விறகு வாங்கிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். சமைப்பதற்கு இல்லை, சாமி. வெந்நீர் போடவும் இல்லை. வீட்டைச் சூடாக்குவதற்கு! அதுவும் திருத்தணியில்! மலைப்படி ஏறுகிறவர்கள் பாதம் சுட்டு, "முருகா முருகா" என்று குதித்துக்கொண்டே ஓடுகிற ஊரில்!

ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் விறகு பாவா. பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இமயமலைப் பக்கம் லாரி ஓட்டிவிட்டு, பென்ஷனோடு இமாச்சலத்துப் பெண் ஒருவரையும் கல்யாணம் செய்து கூட்டிவந்தவர். அந்த அம்மாவின் கிராமம் சிம்லாவிலிருந்து பஸ்ஸில் ஒரு நாள் தூரமாம். எங்கள் தெருவுக்குத் தெரிந்த ஒரே குளிர் ஊர் சிம்லா என்பதால் 'சிம்லா அக்கா' என்று வைத்துவிட்டோம். அக்கா என்றால் அவர் புருஷன் பாவா. ஆந்திரா எல்லையை ஒட்டிய ஊரில் இந்த முறையை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

சிம்லா அக்கா இரண்டே வருஷத்தில் தமிழ் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டது தெருக் குழாயடியில் என்பதால் அது சுத்தமான திருத்தணித் தமிழ். "இன்னா டீச்சர், நானு வந்துகினே கீறேன், அதுக்குள்ள என் கொடத்த நகத்திட்டியா?" என்று அவர் இடுப்பில் கை வைத்துக் கேட்டால், பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை அதட்டுகிற எனக்கே குரல் இறங்கிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சித்திரை மாதக் காலையில் அரக்கோணத்தில் பட்டறை வைத்திருக்கிற வெல்டிங் பாயின் குட்டியானை வண்டி எங்கள் தெருவில் வந்து நின்றது. வண்டி நிறைய மாங்கட்டை. கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு மாந்தோப்பை வெட்டி பிளாட் போட்டுக்கொண்டிருந்தார்கள். விறகு கொள்ளை மலிவு. மறுநாள் இன்னொரு லோடு வந்தது. வீட்டில் இடம் போதாமல், பக்கத்திலிருந்த திரௌபதி அம்மன் கோயில் மதில் ஓரமாகப் பாவா அடுக்க ஆரம்பித்தார். அடுக்கினார் என்றால், ஒரு வரிசை நெடுக்கு, ஒரு வரிசை குறுக்கு, நடுவில் காற்றுப் போக இடைவெளி. எங்கள் தெருவில் வீடுகளைக்கூட அவ்வளவு நேராக யாரும் கட்டியதில்லை.

தெரு சும்மா இருக்குமா? பிரியாணிக் கடை போடுகிறார் என்றார்கள் சிலர். செங்கல் சூளை என்றார்கள் சிலர். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "வெயிலு மண்டையில ஏறிப்போச்சு, வேற இன்னா" என்றார். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் ஒரு வாய் சோறு இறங்காது. தெரிந்தே ஆக வேண்டும். கேட்டுவிட்டேன்.

"குளிருக்கு, டீச்சர்" என்றார் பாவா, நெற்றி வியர்வையை வழித்து உதறியபடி.

"யாருக்குக் குளிருது?"

"இப்ப இல்ல. கார்த்திகை, மார்கழிக்கு. இப்ப வாங்கினாத்தான் பாதி வெலை. ஈரக் கட்டை பொகைஞ்சிகினே இருக்கும், எரியாது. ஆறு மாசம் காயணும். மலையில அல்லாரும் அப்படித்தான். பனி வுழுந்தப்புறம் வெறகுக்கு அலையறவன் லூசு."

யார் லூசு என்று நான் வாதாடவில்லை.

தினமும் விடிகாலையில் அவர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்ப்பார். 'டொக்' என்றால் ஈரம். 'டங்' என்றால் காய்ந்துவிட்டது. அந்தச் சித்திரை முழுக்க நான் அலாரம் வைக்கவில்லை. 'டொக்'கிலேயே எழுந்து இட்லி ஊற்றினேன்.

ஒரு நாள் பட்டப்பகலில் என் சமையலறைக்குள் கரும்புகை. பதறிப்போய்ப் பார்த்தால் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு தகரக் குழாய் என் ஜன்னலைக் குறி வைத்து நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வழியாகத்தான் புகை. வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே போன வேகத்தில் வீசியும்விட்டேன். புகை கொஞ்சம் விலகியதும் பார்க்கிறேன், சொட்டச் சொட்ட நனைந்த பனியனோடு பாவா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே, பழைய ஆயில் டிரம்மை அறுத்து வெல்டிங் பாய் செய்துகொடுத்த இரும்பு அடுப்பு.

"இன்னா பாவா இது!"

"டெஸ்டிங், டீச்சர். ரூமு சூடாவுதான்னு பாத்துகினு கீறேன்."

"வெளிய போய் நில்லுங்க. இத்த வுட சூடாவும்!"

அவர் கோபப்படவில்லை. நான் சொன்னதை உண்மையிலேயே யோசித்தார். "அதான் டீச்சர் பிராப்ளமே. எது வெயிலு, எது அடுப்புன்னு பிரிச்சித் தெரியல."

சிம்லா அக்கா கடைக்குப் போயிருந்தார். அந்தத் தைரியத்தில், இது எல்லாம் எதற்கு என்று நேராகவே கேட்டேன். பாவா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். தீபாவளி முடிந்தால் அக்கா ரயில் ஏறிவிடுவார். மாசி பிறந்த பிறகுதான் திரும்புவார். வந்த நாளிலிருந்து இப்படித்தான். குளிர்காலம் என்றால் பிறந்த வீட்டில் நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அக்காவுக்கு அழுகை அழுகையாக வருமாம். அந்த மூன்று மாதமும் பாவா டீக்கடை பன்னில் உயிர் வாழ்வதை நாங்களும் பார்த்திருக்கிறோம். ஒரு மனுஷன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரயில்வே டைம் டேபிளைப் படித்துக்கொண்டிருப்பார்.

"எனுக்கும் வயசாவுது டீச்சர். இந்த வருசம் அவ போவக்கூடாது. அங்க இன்னா கீதோ அத்த இங்கயே போட்டுட்டா?" என்றார். "அவளாண்ட சொல்லிடாதீங்க. கேட்டதுக்கு, சும்மா வெந்நீர் அடுப்புன்னு சொல்லிக்கீறேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனுஷனைக் கிண்டல் செய்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. அன்றிலிருந்து 'டொக்' சத்தம் கேட்டால் நானும் படுக்கையில் கிடந்தபடியே, 'சீக்கிரம் காய்ந்து தொலையேன்' என்று வேண்டிக்கொள்வேன்.

மலையில் ஆறு மாசம் காய வேண்டிய கட்டை, எங்கள் ஊர் வெயிலில் வைகாசியிலேயே 'டங்' என்றது. பாவா வாசலில் வந்து நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் ஜன்னலிலிருந்து கை தட்டினேன். அதே வாரக் கடைசியில்தான் அம்மன் கோயில் தீமிதி.

தீமிதிக்கு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டிக்கொண்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் விறகு கொண்டுவந்து மதில் ஓரம் போட்டுவிட்டுப் போவார்கள். யார் போட்டது, எவ்வளவு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். தீமிதி அன்று காலையில் பெண்கள் மேளத்தோடு வந்து அந்த விறகுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகுவார்கள். மஞ்சள் பட்டுவிட்டால் அது அம்மன் விறகு. வீட்டுக்கு எடுத்துப்போக எவருக்கும் கை வராது. இருபது வருஷம் பனிக்கட்டியில் வண்டி ஓட்டியவருக்கு அந்த மதில் ஓரம் எதற்கான இடம் என்பதே மறந்துபோயிருந்தது.

எனக்கு மறக்கவில்லை. ஆனால் எனக்கு அது உறைத்தபோது மேளம் தெருமுனை திரும்பிவிட்டது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "அது பாவாவோடது" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். அம்மனுக்குப் போகிற விறகைத் தடுத்தவள் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று வாய் ஒட்டிக்கொண்டது. மாங்கட்டை அடுக்கின் மேல் மஞ்சள் தண்ணீர் சளார் சளார் என்று விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பாவா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் கடைசி வரிசைக்கும் குங்குமம் வைத்தாகிவிட்டது.

கோயில் தர்மகர்த்தாவை நாங்கள் எல்லாரும் நைனா என்போம். நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு லோடு! நெடுக்கு ஒண்ணு, குறுக்கு ஒண்ணுன்னு எவ்ளோ பக்தியா அடுக்கிகீறான் பாரு! யாராண்டயாவது ஒரு வார்த்தை சொன்னானா? இவன்தான்டா பக்தன்!" என்று பாவாவைக் கட்டிப்பிடித்து, கழுத்தில் மாலை போட்டு, தலையில் பரிவட்டம் கட்டி, முதல் மரியாதை செய்தார். மாலைக்குள்ளிருந்து பாவா என்னைப் பார்த்தார். நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன்.

மாங்கட்டை அருமையாக எரிந்தது. ஒரு பொட்டுப் புகை கிடையாது. சாயங்காலம் நூறு பேருக்கு மேல் தீ மிதித்தார்கள். இந்த வருஷம் கங்கு பூ மாதிரி இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். "ஆங், நல்லா காஞ்ச கட்டை" என்று மட்டும் சொன்னார் பாவா.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விறகு விலை ஏறி, கிடைத்த விறகும் சொதசொதவென்று ஈரம். தீபாவளி முடிந்தது. மழையில் ரயில்கள் ரத்தாகி, டிக்கெட் இழுபறியாகி, கார்த்திகையில் ஒரு தேதிக்கு அக்காவுக்கு ரயில் பதிவாகிவிட்டது. பாவா அக்காவின் பெட்டிப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு, பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெற்று அடுப்பின் மேல் துணி காய்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ரயிலுக்கு முந்தின நாள் குழாயடியில் அக்காவிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். நான் வாயைத் திறக்காமல் நின்றதையும் சேர்த்து.

அக்கா குடத்தைக் கீழே வைத்தார். "அந்தாளு சொல்லவே இல்லியே டீச்சர். வெந்நீர் அடுப்புன்னான்" என்றார். வழிந்துகொண்டிருந்த குழாயை மூடினார். "ஆனா அடுப்பு இருந்தா மட்டும்? எங்கூட்ல பனி வுழுந்தா ஒரு ரூம்ல பதினாறு பேரு குந்திகினு இருப்போம். சித்தப்பா கதை சொல்லுவாரு. சண்டை நடக்கும். இங்க நானு, அந்தாளு, டிவி. நெருப்பு முன்னால ரெண்டு பேரு குந்தினா இன்னா கீது?"

நான் குடத்தை அப்படியே விட்டுவிட்டு நைனா வீட்டுக்கு நடந்தேன். விஷயத்தைக் கேட்ட நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி! பொண்டாட்டி வெறகா அது? மாலை போட்டப்ப ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா!" அம்மனுக்குப் போட்டதைத் திருப்ப முடியாது என்றார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, கோயில் மைக்கைப் பிடித்தார். "நம்ப வெறகு பாவா ஊட்டுக்கு, ஊட்டுக்கு ஒரு கட்டை. காஞ்சதா இருக்கணும். சாயங்காலம் ஏழு மணிக்கு அல்லாரும் நேர்ல எடுத்துகினு வரணும். குடுத்துட்டு ஓடக்கூடாது. குந்தணும்!"

வந்தார்கள். கட்டில் கால், கதவுச் சட்டம், உடைந்த கிரிக்கெட் மட்டை, கால் போன நாற்காலி. போனில் சேதி கேட்டு வெல்டிங் பாய் அரக்கோணத்திலிருந்து ஒரு பேக்கிங் பெட்டியையே கொண்டுவந்தார். அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவருக்கும் ஆசை. பத்துக்குப் பத்து அறையில் இருபது பேருக்கு மேல் முட்டி தட்ட உட்கார்ந்தோம். வெளியே தூறல். பாவா பேந்தப் பேந்த விழித்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார். என் வீட்டுக்காரர் எட்டி ஃபேன் சுவிட்சைப் போட்டார்.

"நெருப்பு எரியறப்போ ஃபேன் எதுக்கு?" என்று அக்கா அதட்டினார். ஃபேன் நின்றது.

கால் மணி நேரத்தில் அத்தனை பேருக்கும் வியர்வை ஆறாக ஓடியது. நைனா சட்டையைக் கழற்றிவிட்டு, தன் கல்யாணத்தில் மாப்பிள்ளைச் செருப்பு காணாமல் போன கதையை ஆரம்பித்தார். அது அப்படி நடக்கவில்லை என்று அவர் சம்சாரம் குறுக்கே பாய்ந்தார். அசல் சண்டை. வெல்டிங் பாய் அந்த அம்மாவின் பக்கம் பேசினார். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். மூலையில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. காலையில் ரயில். பாவா நைனாவையும் பார்க்கவில்லை, நெருப்பையும் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டார்.

என் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. பக்கத்தில் என் வீட்டுக்காரர், கரையேற்றிப் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். பாவா கையிலிருந்த கட்டையை அடுப்பில் போடவும் தோன்றாமல், கீழே வைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாவா, கட்டைய கையில வெச்சிகினு?" என்றேன் நான். "போடுங்க. எனக்குக் குளிருது."