அழகமுத்துவுக்கு ஒன்றும் இல்லை

உடம்பில் எந்த நோயும் இல்லை என்று டொக்டர் சொன்னதும் அழகமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சீனி இல்ல, பிரஷர் இல்ல, கொலஸ்ட்ரோல் இல்ல. ஹார்ட்டும் நல்லம்."

"நூத்திப் பத்து கிலோங்க டொக்டர்! நல்லாப் பாருங்க, எங்கயாச்சும் கொஞ்சம் இருக்கும்."

"சில பேருக்கு அப்படித்தான். உடம்பு பெருசு, உள்ளுக்குச் சுத்தம். ஆனா எப்பவும் இப்படியே இருக்கும்னு நம்ப வேணாம். வருசா வருசம் வந்து காட்டணும்."

வருசா வருசமாம்! அழகமுத்துவுக்கு நோய் இப்போதே வேண்டியிருந்தது. மனைவி ராகினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருடம். இரண்டே வருடம் என்றுதான் போனாள். ஓடி வருவாள் என்று நம்பி, நெஞ்சு வலிக்குது என்று எழுதினான். அவளோ வேலையை நீட்டி இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். மூச்சு வாங்குது என்று எழுதினான். மறுபடியும் ஒரு வருடம். டொக்டர் பேப்பரைக் காட்டினால்தான் நம்புவாள் போலிருக்கிறது.

அவள் விட்டுப்போன செருப்பை, ரப்பர் பால் வெட்டப் போகுமுன் தினமும் துடைத்து வாசலில் வைப்பான். அவ்வளவு ஏக்கம்.

தோட்டத்து லய வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருந்த நல்லையா விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருப்பான். அவனுக்கோ சீனி, பிரஷர், கொழுப்பு எல்லாமே இருந்தது. கொடுத்து வைத்தவன்!

"அண்ணே, உங்க ரிப்போட்ட ஒரு நாளைக்குக் குடுங்க."

"அட பாவி, சீக்கையுமா இரவல் கேப்ப?" என்று சிரித்தபடியே கொடுத்தான். இங்கிலீஷில் இருக்கும் பேரை ராகினி எங்கே வாசிக்கப் போகிறாள் என்று அழகமுத்து தைரியமாக இருந்தான்.

தெஹியோவிட்டை டவுனில் கபூர் நானாவின் டெலிபோன், பெக்ஸ் கடை. இரண்டு ரிப்போர்ட்டும் இருந்த கவரை அழகமுத்து நீட்டினான்.

"மேல இருக்கிறத ராகினியோட முதலாளி வேல பாக்கிற கந்தோருக்கு பெக்ஸ் பண்ணுங்க நானா. அவ கையில குடுப்பாங்க."

பொய் போவதை நின்று பார்க்கத் துணிவில்லை. எதிர்க்கடையில் மூன்று கரண்டிச் சீனி போட்டு இரண்டு பிளேன்டீ குடித்தான், கொஞ்சமாவது ஏறட்டும் என்று. திரும்பி வந்தபோது கபூர் நானா முறைத்தார்.

"என்ன வேல பாத்தீங்க! மேல இருந்தது நல்லையாட பேப்பர். நல்ல வேளை, பேரப் பாத்து உங்கடத அனுப்பினேன்."

அழகமுத்து முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். முக்காலி முனகியது.

"போச்சு நானா. இனி அவ வரவே மாட்டா."

"யாரு சொன்ன? இப்பத்தான் ராகினி கோல் எடுத்தாங்க. உங்கட நெஞ்சு ஒப்பரேசனுக்குக் காசு சேக்கத்தான் இவ்வளவு நாளும் அங்க இருந்தாங்களாம். 'அவருக்கு ஒண்ணுமில்லன்னா எனக்கு இங்க என்ன வேல'ன்னு அடுத்த கெழம வர்றாங்களாம்."