ஓடுகிறவளை நிற்க வைத்த லென்ஸ்

செகந்திராபாத்
செவ்வாய்க்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய முரளி அண்ணாவுக்கு,

தங்கை ரஞ்சனாவின் வணக்கம். ஈரோட்டில் நீங்களும் சுபாஸ்ரீ அண்ணியும் சௌக்கியம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மகள் சாஹித்யா மூவரும் உடம்பளவில் நலம். சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. மற்றதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்ளவும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். மூன்று நாளாகப் போனை எடுத்து உங்கள் பெயரைத் தொடுகிறேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறேன். பேசினால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீங்கள் முதலில் கேட்பது, "லென்ஸ்ல ஏதாச்சும் கீறலா?" என்றுதான். கீறல் இல்லை. லென்ஸ் நன்றாக இருக்கிறது. கெட்டுப்போனது வேறு. கேமராவையும் லென்ஸையும் பழைய துண்டில் சுற்றி, நீங்கள் அனுப்பிய அதே பெட்டியில் வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அவையும் உங்களிடம் வந்து சேரும். இனி என் கையில் யாரும் கேமரா கொடுக்க வேண்டாம். கல்யாண வீட்டில்கூட வேண்டாம்.

சாஹித்யா இருநூறு மீட்டர் ஓடுவாள் என்று உங்களுக்குத் தெரியும். எப்படி ஓடுவாள் என்று தெரியாது, ஏனென்றால் நான் அனுப்பிய எந்தப் படத்திலும் அவள் தெரிந்ததில்லை. போன வருடம் போனில் எடுத்து அனுப்பியதைப் பார்த்து அண்ணி, "யாரோ துணி காயப்போட்ட மாதிரி இருக்குதே கண்ணு" என்றார்களே, அந்தத் துணிதான் அவள். அதற்கு இரக்கப்பட்டுத்தான் உங்கள் பழைய கேமராவையும், நீங்கள் பறவை எடுக்கிற அந்தப் பெரிய ஜூம் லென்ஸையும் எனக்கு அனுப்பிவைத்தீர்கள். இந்த வருடம் படம் முக்கியம். மாவட்டத் தேர்வில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி, இன்னும் ஒரு வருடம் ஓடலாம். வராவிட்டால் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஐஐடி கோச்சிங். இதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம். ஒருவேளை இதுவே கடைசி ஓட்டமாக இருந்தால் ஒரு படமாவது தெளிவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அது கடைசி ஓட்டமாக ஆனதற்கு நானே காரணமாவேன் என்று நினைக்கவில்லை.

நீங்கள் வாட்ஸப்பில் பேசி அனுப்பிய பாடங்களை எல்லாம் நோட்டில் எழுதிப் படித்தேன். ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. ஃபோகஸ் ஆளை விடாமல் தொடரும்படி வைக்க வேண்டும். பட்டனைப் பாதி அழுத்தியபடி ஆளோடு கூடவே திரும்ப வேண்டும், அதுவும் கையால் அல்ல, இடுப்பால். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். படம் விழுந்த பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. எம்.காம். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படிக்கவில்லை. பால்காரர் வந்தால் அவரைப் பார்க்க இடுப்பால் திரும்பினேன்.

பழகிப் பார்க்க மொட்டை மாடிப் புறாக்களிடம் போனேன். அவை ஹைதராபாத் புறாக்கள், பறக்க வேண்டிய இடத்துக்கும் நடந்தே போகும். ஸ்டேஷனுக்குப் போய் லோக்கல் ரயிலை எடுத்தேன், வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் எனக்கு டாட்டா காட்டினார்கள். பிறகு போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் போனேன். லாரி மேல் நின்று ஒருவர் முட்டைக்கோஸை வீச, கீழே ஒருவர் பார்க்காமலே பிடித்துப் பிடித்துக் குவித்துக்கொண்டிருந்தார். வேகம், வெளிச்சம் எல்லாம் நீங்கள் சொன்னபடி. லென்ஸைத் தூக்கினேன். பிடிக்கிறவர் என்னைக் கவனித்தார். இரண்டு கைகளையும் இறக்கினார், காலரைச் சரிசெய்தார், சிரித்தார். அடுத்த முட்டைக்கோஸ் அவர் காதில் வந்து இறங்கியது. மேலே இருந்தவர், "ஒரேய், நுவ்வு ஹீரோவா?" என்று கத்த, இவர் காதைத் தடவிக்கொண்டே என்னிடம், "மேடம், ஃபோட்டோ பாக வச்சிந்தா?" என்றார். வந்திருந்தது, அவர் சட்டைப் பொத்தானின் நூல் தெரிகிற அளவுக்கு நன்றாக. மனசு கேட்காமல் அந்த லாரியிலேயே நான்கு முட்டைக்கோஸ் வாங்கி வந்தேன். கேமராவைக் கண்டால் இந்த ஊரில் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள் என்பதை அன்றே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஓட்டம். சாஹித்யாவுக்கு ஆறாம் பாதை. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் கம்பி வேலி ஓரமாக இடம் பிடித்து, முழங்கைகளை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். அந்த லென்ஸுக்குள் கண்ணை வைத்தால் மைதானம், கூட்டம், தரை எதுவும் என் கவனத்தில் இல்லை, அவள் முகமும் பனியனும் மட்டும்தான். வளைவிலிருந்து வெளியே வந்தாள். அவளுக்கு மூன்றடி பின்னால் ஹர்ஷிதா, போன வருடம் ஜெயித்த பெண். மற்றவர்கள் அதற்கும் பின்னால். பட்டனை அழுத்தினேன், கேமரா படபடவென்று அடித்தது. அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்போது என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"சாஹி, இங்க பாரு. சிரி."

இதுதான் நான் சொன்னது. இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அவள் பார்த்தாள் அண்ணா. நின்றாள். சிரித்தாள். ஒரு கையைக்கூடக் கொஞ்சம் தூக்கினாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒவ்வொரு நிறமாக நான்கு பனியன்கள் கடந்து போயின. அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா, சே, படத்தை மறைக்கிறார்களே என்றுதான். என் மகளை நான்கு பேர் முந்திக்கொண்டு போகிறார்கள், பெற்றவளுக்கு அவர்கள் மறைப்பதுதான் கோபம். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அவள் திடுக்கிட்டு மறுபடி ஓடி, ஐந்தாவதாக வந்தாள்.

கோச் ராகவேந்திரா சார் வந்தார். அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மேடம், ஓட்டத்துல விழுந்தவங்களப் பாத்திருக்கேன், மயக்கம் போட்டவங்களப் பாத்திருக்கேன். போஸ் குடுத்தவ இவ ஒருத்திதான்." நான், "சார், தப்பு என்னோடது, நான்தான் கூப்பிட்டேன்" என்றேன். "அப்ப மெடலையும் நீங்களே குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இவளுக்குக் காது குத்தின அன்றைக்கு உங்கள் மடியில்தானே உட்கார்ந்திருந்தாள். வலியில் அலறினவள் நீங்கள் கேமராவைத் தூக்கியதும் அலறலை நிறுத்தி, சிரித்து, படம் எடுத்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாளே. எல்லாரும் அன்றைக்கு எவ்வளவு மெச்சினோம். அசையாதே, இங்க பாரு, சிரி என்று பதினைந்து வருடம் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, அவள் நின்றுவிட்டாள் என்று யாரைக் குறை சொல்வது. நீங்கள் படம் எடுக்கிற மீன்கொத்திக்கு அம்மா கேமராவோடு வருவதில்லை, அதனால் அது மீனைப் பிடித்துவிடுகிறது.

மூன்று நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. எது கேட்டாலும் "நக்கோ", அதாவது வேண்டாம், என்ற ஒரு சொல்தான். இட்லி? நக்கோ. பால்? நக்கோ. அவள் அப்பாவிடம் பேசுகிறாள், அவர் கையால் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுகிறாள். நான் அபார்ட்மெண்டில் எல்லாரிடமும், லிஃப்டில் வந்த புதுக் குடித்தனக்காரரிடம்கூட, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கவே இல்லை. உங்கள் மாப்பிள்ளை, "இன்னாத்துக்கு இப்படி ஊர்பூரா டமாரம் அடிக்கறே? வுடு. கோச்சிங்ல சேத்துடலாம்" என்கிறார். அவர் சொல்கிற சமாதானம் அதுதான். சேர்க்கைப் படிவம் மேஜை மேல் இருக்கிறது. நான் அதன் மேல் ஒரு டவலைப் போட்டு மூடியிருக்கிறேன்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஓடும்போது எடுத்ததில் எல்லாம் பழையபடி துணிதான், கொஞ்சம் விலை உயர்ந்த துணி. ஒன்று மட்டும் அப்படியே கண்ணாடி. இமை மயிரை எண்ணலாம், நெற்றி வேர்வையில் வெயில் தெரிகிறது. முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தபடி இருக்கிறேன். நீங்கள் பார்த்தால் பெருமைப்படுவீர்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும், அவர்கள் எதையாவது செய்துகொண்டிருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். லென்ஸ் வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

மன்னிப்பை வேண்டும் தங்கை,
ரஞ்சனா

பின்குறிப்பு, வியாழக்கிழமை:

அண்ணா, மேலே இருப்பதில் உங்களை நலம் விசாரித்ததைத் தவிர மற்றதெல்லாம் தவறு. ஐந்து பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வராமல் அனுப்புகிறேன். லென்ஸ் அனுப்பவில்லை, காரணம் சொல்கிறேன்.

நேற்றுக் காலை உங்கள் மாப்பிள்ளை காபியோடு வந்து, "வெட்டாத படத்தக் காட்டு" என்றார். காஞ்சன்பாக் தொழிற்சாலையில் அவருக்குத் தர ஆய்வு வேலை. பளபளப்பான இடத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். முழுப் படத்தையும் திறந்து கீழே இருந்து பார்த்தார்.

"இன்னா கோடு இது?"

"எது?"

"அவ காலுக்கு ஒரு அடி பின்னாடி. வெள்ளையா. ஃபினிஷ் லைன் இங்க முன்னாடி இருக்குது. அப்போ இது இன்னாது?"

சாஹித்யா வாயில் பிரஷ்ஷோடு பாத்ரூமிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இந்தக் கோட்டப் பாத்து முடிஞ்சிருச்சுன்னு நின்னுட்டியா?" என்று அவர் கேட்டார். நுரையைத் துப்பிவிட்டு வந்து, "ஹவ், ஆமா" என்றாள்.

"அம்மா கூப்பிட்டதுக்கு நிக்கலியா?"

"அம்மா கூப்பிட்டது எனக்கு எங்க கேட்டுச்சு? ஓடறப்ப எனக்கு ஏமீ வினபடது, டாடி. ஒண்ணுமே கேக்காது. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுத்தான் அம்மாவப் பாத்தேன்."

ஓட்டத்துக்கு முந்தின நாள் அந்த மைதானத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழாவாம். அவர்கள் போட்ட சுண்ணாம்புக் கோடு மற்ற பாதைகளில் அழிந்துவிட்டது, ஆறாம் பாதையில் மட்டும் மிச்சம். "இதை ஏன்டி நாலு நாளாச் சொல்லல?" என்றேன்.

"நீயே எல்லார்கிட்டயும் உன் தப்பு, உன் தப்புன்னு சொல்லிட்டிருந்தே. கோடு தெரியாம நின்னேன்னு சொன்னா கேர்ள்ஸ் சிரிப்பாங்க. உன்கிட்ட பேசினா உளறிடுவேன்னுதான் பேசல. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

விட்டுட்டாளாம். நாற்பத்து நான்கு வயதில் என் குரலுக்கு ஒரு ஓட்டப் பந்தயத்தையே நிறுத்துகிற வலிமை இருக்கிறது என்று நான்கு நாள் நம்பியிருந்தேன். வேதனையாகத்தான் இருந்தது, ஆனால் அப்படி ஒரு வலிமை இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ராகவேந்திரா சார் நேற்று மதியமே அந்தப் படத்தைக் கொண்டுபோய் நடுவர்களிடம் காட்டினார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "ஒரிஜினல அழிச்சுடாதீங்க மேடம்" என்றார், அவ்வளவுதான். வருகிற ஞாயிறு காலை மறுபடி ஓட்டம். ஹர்ஷிதா, இரண்டாவது வந்த பெண், சாஹித்யா, மூன்று பேர் மட்டும். அதில் முதல் இருவர் மாநிலத்துக்கு.

சாஹித்யா நேற்று மாலை அடுப்படிக்கு வந்து, தானாகவே தோசையை எடுத்துக்கொண்டு, "லைன் எல்லாம் நான் பாக்க மாட்டேன். நீ ஃபினிஷ் தாண்டி, என் பாதைக்கு நேரா நில்லு. உன்னத் தொடற வரைக்கும் ஓடிட்டே வரேன்" என்றாள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். "எடுத்துட்டு வா. அது இருந்தாத்தான் அவ்ளோ தூரத்துலருந்து நீதான்னு தெரியும்."

அதனால்தான் லென்ஸ் வரவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் குறுக்கே போகிறவர்களைப் படம் பிடிக்கிற வழி. நேராக என்னைப் பார்த்தே ஓடி வருகிறவளுக்கு ஃபோகஸை எங்கே வைப்பது என்று எதிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் செய்யுங்கள், அழ மாட்டேன்.