படியிறங்கி வந்தவர்களின் கணக்கு

அன்புள்ள மைத்துனருக்கு,

நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அக்கா நலம். நான் முழங்காலுக்கு மேல் நலம்.

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர் என்பதால் உங்களிடம் இதைக் கொண்டுவருகிறேன். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்று நாற்பத்தொரு நாள் ஆகிறது. நாலாவது மாடியிலிருந்து நான் இறங்கியும் அதே நாற்பத்தொரு நாள். முடி வெட்டுபவர் மேலே வர மாட்டேன் என்கிறார். முடி காதை மூடிவிட்டது. காலையில் நான் அறையை விட்டு வெளியே வந்தால் உங்கள் அக்கா, "யாரு வேணும்?" என்கிறாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் லிஃப்டை ஒரேயடியாக மூடிவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்த முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்காக எங்கள் சங்கச் செயலாளர் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். அவர் குடியிருப்பது தரைத்தளம். மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, மூன்று நாள், இறங்கி வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, "படி ஏறி இறங்கக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். நாற்பத்தெட்டுப் பதிலில் நாற்பத்தாறு 'இல்லை'. மீதி இரண்டில் ஒன்று, பீரோ தூக்கிக்கொண்டு வந்தவர் சொன்னது. தொண்ணூற்றாறு சதவீதம் பேருக்குக் கஷ்டமே இல்லை என்று பலகையில் எழுதிவிட்டார். இறங்க முடியாதவன் எப்படி ஐயா இறங்கி வந்து, இறங்க முடியலைன்னு சொல்லுவான்? அவரையே போனில் கேட்டேன். "கணக்கு பொய் சொல்லாது சார். கஷ்டம்னா நீங்க வந்து சொல்லியிருக்கலாமே" என்றார்.

இதில் உங்கள் அக்கா வேறு. மூன்று நாளும் கடைக்கு இறங்கி, மூன்று தடவையும் 'கஷ்டமில்லை' என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்றேன். "எனக்குக் கஷ்டமான்னு கேட்டார், இல்லைன்னேன். உங்களுக்குக் கஷ்டமான்னு அவர் கேக்கலையே." ஆக, நாற்பத்தாறில் மூன்று நம் வீட்டிலிருந்தே போனவை.

சரி, நாமும் ஒரு கணக்கெடுப்போம் என்று காலை பதினோரு மணிக்கு எங்கள் மாடியில் கதவு தட்டினேன். திறந்தவை மூன்று வீடு. மூன்றிலும் முழங்கால் வலி. நூறு சதவீதம். செயலாளருக்குப் போன் போட்டுச் சொன்னால், "அந்த நேரத்துல வீட்ல இருக்கறவங்களை மட்டும் கேட்டா வேற என்ன சார் வரும்?" என்கிறார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து, யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதிலும் வரும் என்று கூட்டத்தில் விளக்க வேண்டும். பத்து நிமிஷம் பேசினால் போதும். பதினோராவது நிமிஷம் அவர்கள் தூங்கிவிடுவார்கள்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல முழங்காலோடு நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் செயலாளரே வந்துவிட்டார். எங்கள் மாடியில் எல்லா வீட்டையும் நேரில் விசாரிக்கப் போகிறேன் என்று ஏறியவருக்கு மூன்றாவது மாடித் திருப்பத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. கீழே இறக்குவதைவிட மேலே ஏற்றுவது பக்கம் என்பதால் உங்கள் அக்காவும் எதிர்வீட்டுக்காரரும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிறவரிடம் எங்கள் போனிலிருந்தே பேசிவிட்டார். அவர் அடுத்த புதன்கிழமைதான் வருவாராம், அதுவரை இறங்க மாட்டேன் என்கிறார் செயலாளர். எனவே நீங்கள் வர வேண்டாம். உங்களுக்கு விரிக்கும் கட்டிலில் அவர் படுத்திருக்கிறார்.