காட்டேரி முடி எடுத்த சாமியார்

மலாயாவில் உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் காட்டேரிச் சாமியார் வந்திறங்கியதும் தொழிலாளர் லயத்துக் கோழிகளுக்குக் கெட்ட காலம் பிறந்தது. காய்ச்சல்காரர் ஒருவருக்கு ஒரு கோழி. சாமி காசைத் தொடமாட்டார், அவ்வளவு பற்றற்றவர்.

நோயாளியின் வயிற்றில் வெற்றிலையை வைத்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சுவார். நிமிர்ந்து துப்பினால் ஒரு முடிச்சுத் தலைமுடி விழும். காய்ச்சலாக வந்து பிடித்த காட்டேரியின் கூந்தலாம் அது. காய்ச்சல் விட்டவர்கள் சாமியின் மகிமை என்றார்கள். செத்துப்போனவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. யோங் பெங்கிலிருந்துகூட லாரி பிடித்து ஜனங்கள் வந்தார்கள்.

வரிசையில் முதல் ஆள் தங்கராஜு. அவன் மனைவி செல்லம் ஏழு மாதக் கர்ப்பிணி. குளிர்காய்ச்சல் அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் சந்திரமதி மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மாத்திரையை அவன் சாக்கடையில் கொட்டியிருந்தான். கசப்பு மருந்து காட்டேரிக்கு ஆகாது, கோபம் ஏறும் என்று சாமி சொல்லிவிட்டாரே!

அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் கண்ட முதல் பெண் டாக்டர் சந்திரமதி. பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று மதராஸில் மேடை மேடையாக ஏறி வசவு வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஓட்டு கிடைத்தபின் கப்பலேறி இங்கே வந்திருந்தார். அன்று செல்லத்தை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகக் காரோடு வந்து நின்றார்.

கங்காணி அர்ச்சுனன் வழக்கப்படி கோயில் முன்னால் கூட்டம் கூட்டினார். தோட்டத்தில் எதுவானாலும் கை தூக்கித்தான் முடிவு.

"சாமியே பாக்கட்டும்ங்கறவங்க கை தூக்குங்க!"

ஆண்கள் அத்தனை பேர் கையும் உயர்ந்தது.

"பொம்பளைங்க ஏன் தூக்கல?" என்று கேட்டார் டாக்டர்.

"பொம்பளைக்கு ஏதும்மா கை?" கங்காணி சிரித்தார்.

"காலையில பாலுக்கு மரம் வெட்டுறப்ப இருந்துச்சே?"

கங்காணிக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. சாமியாருக்குச் சைகை காட்டினார். சாமியார் வாய் நிறைய வெற்றிலையோடு செல்லத்தின் பக்கம் குனிந்தார்.

"கொஞ்சம் இருங்க சாமி. என் நோயாளி வயித்துல வைக்கிற வாய நான் பாக்கணும். வெத்தலையத் துப்பிட்டு நாக்க நீட்டுங்க."

சாமியார் மௌன விரதம் என்று கையால் காட்டினார். சற்றுமுன் பெரிய கோழியாகப் பார்த்துக் கேட்டது வேறு வாய் போலிருக்கிறது.

தங்கராஜுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாமியைச் சந்தேகப்படுவதா?

"நல்லா நீட்டிக் காட்டுங்க சாமி! இந்தம்மா வாய அடைங்க லா!"

"நீட்டுங்க சாமி!" என்று கூட்டமும் கூவியது.

பக்தர்களே கேட்டால் சாமி என்ன செய்வார்? வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினார். அது பாதி வழியில் நின்றுகொண்டது. கண் பிதுங்கி முகம் கறுத்தது. டாக்டர் அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டினார். வெற்றிலைச் சக்கையோடு முடிச்சு முடிச்சாக முடி வந்து விழுந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேர் வயிற்றிலிருந்தும் எடுத்துக் காட்டப் போதும். செல்லத்தின் வயிற்றை இன்னும் யாரும் தொடவே இல்லை.

"அலமாக்!" என்று திகைத்தது ஒரு குரல்.

"காட்டேரி சாமி மேல தாவிருச்சு போல," என்றார் கங்காணி. அவருடைய நம்பிக்கை அவ்வளவு கெட்டி.

"மறுபடி கை தூக்கலாம். காய்ச்சல்காரி மொதல்ல," என்றார் டாக்டர்.

செல்லம் நடுங்கிக்கொண்டே கையை உயர்த்தினாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கு எம்புள்ள வேணும்."

பின்னால் நின்ற பெண்களின் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. தங்கராஜு கை தூக்கவில்லை. இரண்டு கையாலும் மனைவியைத் தூக்கிக்கொண்டு, வெட்கத்தில் அழுதபடி காரை நோக்கி ஓடினான்.

செல்லமும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. சாமியார் இப்போது பத்து பகாட் ஊரில் கடை விரித்திருக்கிறாராம். அங்கேயும் கூட்டம் நெரிகிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் ஒரு சாமியாரை நாக்கை நீட்டச் சொல்ல டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை; கழுத்துக்கு மேலே இருப்பதைத் தலைப்பாகை கட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.